குடிபோதையில் வண்டி ஓட்டிய தண்டனை குழந்தைப் பொறுப்பு வழக்கில் எவ்வளவு தூரம் பேசும்?

கேள்வி இதுதான்: விவாகரத்து வழக்கு நடக்கிறது. பெற்றோரில் ஒருவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு, தண்டனையும் பெற்றவர். அந்த ஒரு காரணத்தால் குழந்தை அவர் கையை விட்டுப் போய்விடுமா? எதிர்த்தரப்புக்கு அந்தத் தீர்ப்பின் நகல் மட்டும் போதுமா?

தண்டனை ஒன்றே ஒன்று, அப்போது வண்டியில் குழந்தை இல்லை, விபத்து இல்லை, அதற்குப் பிறகு குடி சம்பந்தமாக வேறு எதுவும் இல்லை என்றால், பொதுவாகக் குழந்தை கையை விட்டுப் போகாது. இந்த நான்கில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும். இரண்டு மாறினால், யாரிடம் குழந்தை இருப்பது என்ற பேச்சே பின்னுக்குப் போய், யார் முன்னிலையில் சந்திக்கலாம் என்ற பேச்சு முன்னுக்கு வரக்கூடும்.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. செய்த குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பது குற்றவியல் நீதிமன்றத்தின் வேலை. அது முடிந்துவிட்டது. குடும்ப நீதிமன்றம் அதே செயலுக்கு இரண்டாவது தண்டனை கொடுக்க உட்கார்ந்திருக்கவில்லை. அது கேட்பது ஒன்றுதான்: நாளை காலை இந்தக் குழந்தை இவருடைய வண்டியில் ஏறினால், இன்றிரவு இவர் வீட்டில் தூங்கினால், ஆபத்து உண்டா? கனடாவின் விவாகரத்துச் சட்டம், 16ஆம் பிரிவில், இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. பெற்றோரின் கடந்தகால நடத்தை, குழந்தையைக் கவனிக்கும் பொறுப்போடு தொடர்பில்லாதது என்றால் அதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. அதே பிரிவு, குழந்தையின் பாதுகாப்போடு தொடர்புள்ள குற்ற வழக்கு இருந்தால் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தில் இருக்கும் பட்டியல், குழந்தைக்கு நேர்ந்த அல்லது நேரக்கூடிய தீங்கைப் பார்க்கச் சொல்கிறது. இந்தியாவில் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர்கள் சட்டத்தின் 17ஆம் பிரிவு, காப்பாளராக வர நினைப்பவரின் குணத்தையும் திறனையும் எடைபோடச் சொல்கிறது. இந்து இளவர் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. சொற்கள் வேறு, கேள்வி ஒன்றே.

ஆகவே ‘தண்டனை இருக்கிறதா’ என்பதோடு யாரும் நிற்பதில்லை. அந்தக் கோப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பார்கள்.

கோப்பில் எதைத் தேடுவார்கள்

முதலில் பார்ப்பது, குழந்தை வண்டியில் இருந்ததா என்பது. இருந்திருந்தால் மற்ற எல்லாம் இரண்டாம்பட்சம். நியூயார்க் மாநிலத்தில் 2009-ல் வந்த லியாண்ட்ரா சட்டப்படி, 15 வயதோ அதற்குக் குறைவோ உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு குடிபோதையில் ஓட்டினால் முதல் தடவையே பெருங்குற்றம். பெற்றோரே ஓட்டியிருந்தால் குழந்தை வதைப் பதிவேட்டுக்கும் தகவல் போகும். கலிஃபோர்னியாவில் 14 வயதுக்குக் குறைந்த குழந்தை உடன் இருந்தால் முதல் குற்றத்துக்கே கூடுதலாக 48 மணி நேரச் சிறை. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் குழந்தை உடன் இருந்ததற்கென்று தனித் தண்டனை கிடையாது. அதனால் அபராதச் சீட்டில் அந்த விவரம் தெரியாமலே போகலாம். எதிர்த்தரப்பு அதை வேறு வழியில் நிரூபிக்க வேண்டியிருக்கும். நிரூபித்துவிட்டால், ஓட்டியவருக்கு அதைவிடப் பாதகமான உண்மை வழக்கில் வேறு எதுவும் இருக்காது.

அடுத்து, எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளியில். ஏழு வருடத்துக்கு முன் ஒன்று என்பது ஒரு கதை. பதினெட்டு மாதத்துக்குள் இரண்டு என்பது வேறு கதை. இரண்டாவதைப் பார்த்ததும் நீதிபதி மனதில் எழுவது, ‘முதல் தண்டனை இவரை நிறுத்தவில்லையே’ என்பதுதான். இரண்டாவது சம்பவம், வழக்கு தொடங்கிய பிறகு நடந்தது என்றால் இன்னும் மோசம்.

பிறகு அளவு. இந்தியாவில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் 80, யூட்டாவில் 50. வரம்பை ஒட்டி 35 வந்தவரையும் 210 வந்தவரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள். 210 வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பி நாலு தெரு ஓட்டிவர முடிந்தது என்றால், அந்த உடம்புக்கு மது நன்றாகப் பழகியிருக்கிறது என்று மருத்துவர் சாட்சி சொல்வார். குறைந்த அளவைக் காட்டித் தப்பிப்பவர்களுக்கு இருக்கும் வாதம், அதிக அளவில் அப்படியே எதிராகத் திரும்பும். இங்கிலாந்தில் மூச்சுச் சோதனை வரம்பான 35 மைக்ரோகிராமைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது 87.5 வந்துவிட்டால் ‘அதிக ஆபத்துள்ளவர்’ பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்தால்தான் உரிமம் திரும்பக் கிடைக்கும். குடும்ப வழக்கில் அந்த வகைப்பாடே ஒரு சாட்சியாகிவிடுகிறது.

நேரத்தையும் பார்ப்பார்கள். சனிக்கிழமை இரவு ஒரு விருந்து முடிந்து வந்தபோது என்பதற்கும், செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடத் தெருவில் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. ஊத மறுத்திருந்தால், பல நாடுகளில் அதுவே தனிக் குற்றம். இங்கே அது ‘ஒளிக்க ஏதோ இருந்தது’ என்று படிக்கப்படும். உரிமம் முடக்கப்பட்ட காலத்தில் மறுபடி ஓட்டிப் பிடிபட்டிருந்தால், என் பார்வையில், அது முதல் குற்றத்தை விடவும் கெடுதல். ஏனென்றால் குடும்ப நீதிமன்றம் தரப்போவது நிபந்தனைகளோடு கூடிய உத்தரவு. ஒரு நீதிமன்றத்தின் நிபந்தனையை மதிக்காதவர் இந்த நிபந்தனையை மதிப்பார் என்று யார் நம்புவது?

அபராதம் கட்டிவிட்டு வந்துவிட்டேன், அதுவும் தண்டனையா?

ஆம். இந்தியாவில் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். 185ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இரண்டாவது முறை, இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். முன்பு, மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான் இரண்டாவது குற்றம் என்று இருந்தது. 2019 திருத்தம் அந்த மூன்று ஆண்டு வரம்பை எடுத்துவிட்டது. நடைமுறையில், ‘ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போவோம், வாய்தா வாய்தாவாக யார் அலைவது’ என்று மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டிவிடுகிறார்கள். சிக்னல் மீறல் அபராதத்தைப் போல அது மறந்தும் போகிறது. சட்டத்தின் கண்ணில் அது குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனை. பிறகு குடும்ப நீதிமன்றத்தில் ‘அந்தக் கருவி சரியில்லை, நான் ரெண்டு மடக்குதான் குடித்திருந்தேன்’ என்று சொன்னால் எடுபடாது.

வழக்கு இன்னும் முடியவில்லை என்றாலும் நிம்மதி இல்லை. 2008-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு குழந்தைப் பொறுப்பு வழக்கில், தந்தை மேல் நிலுவையில் இருந்த குற்ற வழக்கையும் எடைபோட்டிருக்க வேண்டும் என்று சொன்னது. அது இதைவிட மிகக் கடுமையான வழக்கு என்றாலும், தீர்ப்பு வரவில்லை என்பதால் மட்டும் ஒரு வழக்கு கண்ணில் படாமல் போகாது என்ற கொள்கை அங்கே நிற்கிறது. மறுபக்கம், குற்றவியல் வழக்கில் விடுதலை ஆனவரும் முழுக்கத் தப்பவில்லை. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இங்கே எது அதிகம் நம்பத்தக்கது என்பது போதும்.

குற்ற வழக்கும் குழந்தை வழக்கும் ஒரே நேரத்தில் ஓடினால், இரண்டு வழக்கறிஞர்களையும் ஒருவரோடொருவர் பேச வையுங்கள். குடும்ப நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரத்தில் எழுதும் ஒரு வரி, குற்றவியல் நீதிமன்றத்தில் வாக்குமூலமாக நீட்டப்படும்.

யாரும் யோசிக்காத பகுதி: உரிமம்

வாதங்கள் எல்லாம் குணம், ஒழுக்கம் என்று போய்க்கொண்டிருக்கும்போது, நீதிபதி கேட்கும் முதல் நடைமுறைக் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: உரிமம் இல்லையே, குழந்தையைப் பள்ளிக்கு யார் கூட்டிப்போவது? இங்கிலாந்தில் குறைந்தது 12 மாதம் ஓட்டத் தடை. மற்ற இடங்களிலும் மாதக்கணக்கில் போகும். ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்பது பதில் ஆகாது. காலை யார், மாலை யார், குழந்தைக்கு நடு இரவில் காய்ச்சல் அடித்தால் எந்த வண்டி, சந்திப்பு நாளில் குழந்தையை எங்கே ஒப்படைப்பது, அங்கே எப்படி வருவீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். உதவப்போகும் உறவினரின் ஒப்புதல் கடிதத்தோடு வைத்தால், குறையாக நின்ற விஷயம் திட்டமாகிவிடும். சிறை சாத்தியம் இருந்தால் அந்த நாட்களுக்கும் அதே ஏற்பாடு வேண்டும்.

நீதிமன்றம் உண்மையில் என்ன செய்யும்

குழந்தையைப் பிடுங்குவது, விடுவது என்று இரண்டே கதவு இல்லை. நடுவே நிறைய இருக்கிறது, பெரும்பாலான உத்தரவுகள் அங்கேதான் விழுகின்றன. ஓரளவு ஒழுங்கான ஓர் உத்தரவு இப்படி இருக்கும்:

‘குழந்தை தன்னிடம் இருக்கும் நேரத்திலும் அதற்கு முந்தைய 12 மணி நேரத்திலும் தந்தை மது அருந்தக்கூடாது. குழந்தையை ஏற்றிக்கொண்டு அவர் வண்டி ஓட்டக்கூடாது. குழந்தையின் பாட்டியோ, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வேறொருவரோ ஓட்டலாம். ஒப்படைக்கும்போது மது வாடை அல்லது போதைக்கான அறிகுறி தெரிந்தால் தாய் அன்றைய சந்திப்பை மறுக்கலாம்; மறுத்த காரணத்தை அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாதம் ஒருமுறை ரத்தச் சோதனை அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆறு மாதம் மீறல் இல்லையென்றால் இரவு தங்கலுக்கு மனுச் செய்யலாம்.’

அந்த 12 மணி நேரம் ஏன் வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பு, 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வரைதான் மதுவைக் கழிக்கும். காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. நள்ளிரவில் 150 இருந்தவருக்கு, மணிக்கு 15 வீதம், காலை ஏழு மணிக்கு இன்னும் 45 இருக்கும். இங்கிலாந்தில் அது வரம்புக்குள், இந்தியாவில் குற்றம். ‘நேற்று ராத்திரி குடித்தது, தூங்கி எழுந்துவிட்டேன்’ என்று பள்ளிக்கு ஓட்டிப்போகிறவர் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ‘ஓட்டும்போது குடிக்கக்கூடாது’ என்று மட்டும் எழுதிய உத்தரவு இந்தக் காலை நேரத்தை அப்படியே விட்டுவிடுகிறது.

மிகக் கடுமையான வழக்குகளில் மட்டுமே மேற்பார்வையோடு சந்திப்பு. ஒரு மையத்தில், ஒரு பணியாளர் முன்னிலையில், வாரம் ஒன்றிரண்டு மணி நேரம். முற்றிலும் சந்திக்கவே கூடாது என்பது அரிது. அதற்கு வண்டி ஓட்டிய தண்டனையைத் தாண்டி வேறு ஏதோ இருக்க வேண்டும்.

சோதனைகள்: எது எதைச் சொல்லும்

இங்கேதான் பணமும் மாதங்களும் வீணாகின்றன, தப்பான சோதனையைக் கேட்டு வாங்குவதால்.

மூச்சுச் சோதனை அந்தச் சில மணி நேரத்தை மட்டும் காட்டும். சிறுநீரில் எத்தில் குளுகுரோனைடு, அதாவது குடித்த மதுவிலிருந்து உடம்பு உண்டாக்கும் ஒரு பொருள், இருக்கிறதா என்று பார்ப்பது மூன்று நாள் வரை பின்னோக்கிப் போகும். ஆனால் அது அளவுக்கு மீறி நுணுக்கமானது. வாய் கொப்பளிக்கும் திரவம், கை சுத்திகரிப்பான் இவற்றின் மது கூட, வெட்டளவை (பாசிட்டிவ் என்று சொல்லத் தொடங்கும் அளவை) 100 நானோகிராம் என்று தாழ்வாக வைத்தால் ‘குடித்தவர்’ என்று காட்டிவிடலாம். அதனால் 500 என்ற வெட்டளவை வைப்பது வழக்கம். அறிக்கையில் வெறும் ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால் எந்த வெட்டளவில் என்று கேளுங்கள்.

ரத்தத்தில் பாஸ்பாடிடில் எத்தனால் என்ற, மது குடித்தால் மட்டுமே உருவாகும் பொருளைப் பார்ப்பது இரண்டு முதல் நான்கு வாரம் வரை சொல்லும். ஒருவர் குடியை விட்டுவிட்டதை மாதாமாதம் காட்ட இதுதான் பொருத்தம். 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குடியே இல்லை அல்லது மிகக் குறைவு. 200-ஐத் தாண்டினால் பெருங்குடி.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு செண்டிமீட்டர் வளரும். மண்டையை ஒட்டி மூன்று செண்டிமீட்டர் எடுத்தால் மூன்று மாதச் சராசரி. ஒரு மில்லிகிராம் முடியில் எத்தில் குளுகுரோனைடு 30 பிகோகிராமை எட்டினால் தொடர்ச்சியான மிகைக்குடி என்றும், 5-க்குள் இருந்தால் குடிக்கவில்லை என்ற கூற்றுக்கு முரண் இல்லை என்றும் எடுத்துக்கொள்வார்கள். எந்தத் தேதியில் குடித்தார் என்று அது சொல்லாது. ப்ளீச் செய்த முடியில் அளவு குறைந்து தெரியும். வழக்கு வந்ததும் திடீரென மொட்டை அடித்துக்கொண்டு வருபவரைப் பார்த்து எந்த ஆய்வகமும் ஏமாறுவதில்லை. அறிக்கையில் அது எழுதப்படும், நீதிபதியும் படிப்பார். இன்னொன்று: இன்று குடியை விட்டவர் அடுத்த வாரமே முடிச் சோதனைக்கு ஓடக்கூடாது. பழைய குடி முடியில் அப்படியே இருக்கும். குறைந்தது மூன்று நான்கு மாதம் கழியட்டும், அதுவரை ரத்தச் சோதனை.

இவற்றைத் தவிர, ஊதினால்தான் கிளம்பும் பூட்டு வண்டியில் பொருத்தப்படுகிறது. ஓடும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும், எல்லாம் பதிவாகும். கொப்பளித்த உடனே ஊதினால் தவறாக நின்றுவிடும். வாயைத் தண்ணீரில் அலசி, 15 நிமிடம் பொறுத்து மறுபடி ஊத வேண்டும். தோல்விக்குப் பின் சுத்தமான ஒரு பதிவு உடனே இருந்தால் விளக்கலாம். தோல்வியோடு வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டால் விளக்க முடியாது.

ஒரு சோதனை பாசிட்டிவ் வந்தாலே எல்லாம் போச்சு என்று பயப்படவும் வேண்டாம். கலிஃபோர்னியாவின் குடும்பச் சட்டம், பாசிட்டிவ் வந்த முடிவு ஒன்றே ஒருவருக்கு எதிரான பொறுப்பு உத்தரவுக்குக் காரணம் ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

தண்டனை பெற்றவர் நீங்கள் என்றால்

முதல் வேலை, மறைக்காமல் இருப்பது. இங்கிலாந்தில், குடும்ப வழக்குகளில் குழந்தையின் நலனைப் பார்க்கும் காஃப்காஸ் என்ற அமைப்பு முதல் விசாரணைக்கு முன்பே காவல்துறைப் பதிவுகளைப் பார்த்துவிடுகிறது. மற்ற இடங்களில் எதிர்த்தரப்பு சான்றிட்ட நகலோடு வரும். தண்டனைக்கு விளக்கம் உண்டு. பிரமாணப் பத்திரத்தில் சொன்ன பொய்க்கு விளக்கம் இல்லை. குடிப்பழக்கம் பற்றி ஒரு பொய் பிடிபட்டபின், பள்ளிக் கட்டணம் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையும் நம்பப்படாது.

அடுத்து, யாரும் உத்தரவிடும் முன்பே மதிப்பீட்டுக்குப் போங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விச் சோதனை ஒன்று உண்டு. 40-க்கு எட்டோ அதற்கு மேலோ வந்தால் ஆபத்தான குடி, 20-ஐ எட்டினால் அடிமைத்தனத்துக்கான வாய்ப்பு. மனநல மருத்துவர் அதோடு ரத்தச் சோதனையும் வைத்து எழுதும் அறிக்கை, உங்கள் வழக்கறிஞரின் இருபது பக்க வாதத்தை விட மதிப்பு. சிகிச்சை சொன்னால் தொடங்குங்கள், வருகைப் பதிவை வாங்கி வையுங்கள். நீதிபதி பார்ப்பது தேதியைத்தான். மனுத் தாக்கலான பிறகு, அதுவும் விசாரணைக்கு நாலு நாள் முன்பு சேர்ந்த சிகிச்சை எதற்காக என்று எல்லோருக்கும் தெரியும்.

குடியை விட்டபின் சறுக்கி மறுபடி குடித்துவிட்டால், அன்று குழந்தை உங்களிடம் இருந்ததா, இல்லாதபோது நடந்ததா, யாரை அழைத்தீர்கள் என்பதுதான் கேட்கப்படும். நீங்களே சொல்லிவிடுவது உத்தமம்.

எதிர்த்தரப்பு நீங்கள் என்றால்

‘குடிகாரர்’ என்று பத்து இடத்தில் எழுதுவதால் ஒன்றும் நடக்காது. தண்டனைத் தீர்ப்பு, குற்றப் பத்திரிகை, சோதனைச் சீட்டு இவற்றின் சான்றிட்ட நகல்களை வாங்குங்கள். இந்தியாவில் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வழக்கமான சாட்சிய விதிக்குள் வராத ஆவணத்தையும் உதவியாக இருந்தால் ஏற்க நீதிபதிக்கு இடம் கொடுக்கிறது. ஆனாலும் சான்றிட்ட நகலுக்கு உள்ள எடை வேறு. தேதி, நேரம், என்ன பார்த்தீர்கள், குழந்தை எங்கே இருந்தது என்று குறித்து வையுங்கள். ‘எப்போதும் குடிப்பார்’ என்பது குறிப்பு ஆகாது. ‘மாலை 6.20, ஒப்படைக்க வந்தபோது மது வாடை, வண்டியை அவரே ஓட்டிவந்தார், பின் இருக்கையில் குழந்தை, பெல்ட் போடவில்லை’ என்பதுதான் குறிப்பு.

குழந்தையை வைத்து வேவு பார்க்காதீர்கள். ‘அப்பா நேத்து குடிச்சாரா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்பது வெளியே வந்தால், குற்றம் உங்கள் பக்கம் சாயும். உத்தரவு இல்லாமல் நீங்களாகச் சந்திப்பை நிறுத்துவதும் அப்படியே. கண்ணெதிரே போதையில் வந்து குழந்தையை வண்டியில் ஏற்றப் பார்த்தால் ஏற்ற விடாதீர்கள், காவல்துறையை அழையுங்கள், மறுநாளே நீதிமன்றத்துக்குப் போங்கள். அவசர மனு அதற்குத்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய தண்டனையை வைத்து இன்று அவசர மனுப் போட்டால், ‘இத்தனை நாள் ஏன் வரவில்லை’ என்ற ஒரே கேள்வியில் அது முடிந்துவிடும்.

கேட்பதையும் அளந்து கேளுங்கள். ‘சந்திக்கவே விடக்கூடாது’ என்று கேட்டு எதுவும் கிடைக்காமல் போவதை விட, ‘அவர் ஓட்டக்கூடாது, 12 மணி நேரம் மது கூடாது, மாதம் ஒரு ரத்தச் சோதனை’ என்று கேட்டால் கிடைக்கும்.

உத்தரவு வந்த பிறகும் இது முடிவதில்லை, இரு தரப்புக்கும். குழந்தைப் பொறுப்பு உத்தரவுகள் அன்றைய சூழலுக்கானவை, சூழல் மாறினால் மாற்றலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. மற்ற நாடுகளிலும் நிலைமை இதுவே. ஏற்கனவே முடிந்த வழக்கில், புதிதாக ஒரு தண்டனை வந்தால் எதிர்த்தரப்பு மாற்றம் கேட்டு வரலாம். ஒரு வருடச் சுத்தமான சோதனை அறிக்கைகள், திரும்பக் கிடைத்த உரிமம், தவறாத சந்திப்புகள் இவற்றோடு தண்டனை பெற்றவரும் வரலாம். அப்படி வரும்போது எல்லா நிபந்தனையையும் ஒரே மனுவில் நீக்கக் கேட்பது வழக்கமான தவறு. முதலில் இரவு தங்கல், அதன்பின் வண்டி ஓட்டும் அனுமதி, கடைசியாகச் சோதனை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சோதனையைக் கடைசி வரை வைத்திருப்பது உங்களுக்கே நல்லது: நாளை யாராவது பொய்ப் புகார் கொடுத்தால், மேசையில் வைக்க அந்த அறிக்கைதான் இருக்கும்.